ஸ்பிரிங்கர் முதல் நீல் கேப் வரை: எட்டுப் பேர், நான்கு நாள், 31 மைல்

நாலு நாள் மலை நடைக்கு வாட்ஸ்அப் குழுவில் "நானும் வரேன்" என்று பதினாறு பேர் கை தூக்கினால், கிளம்புகிற அன்று காலை பையோடு வந்து நிற்பது எட்டுப் பேர்தான். இந்தப் பாதிக் கழிவை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் இருக்காது.

அமெரிக்காவின் அப்பலேச்சியன் ட்ரெயில் என்ற மலை நடைபாதை ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் நடக்க ஐந்தாறு மாதம் வேண்டும். வேலையும் பிள்ளைகளும் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு துண்டாக நடக்கிறார்கள். இதைத்தான் செக்‌ஷன் ஹைக் என்கிறார்கள். அட்லாண்டா பக்கத்துத் தமிழர்களுக்கு முதல் துண்டாகத் தோதானது பாதை தொடங்கும் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து நீல் கேப் வரையிலான 31 மைல். கேப் என்றால் மலைகளுக்கு நடுவிலுள்ள கணவாய். வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். நடக்கவோ இரவு தங்கவோ அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. உயரம் எங்கும் 4,500 அடியைத் தாண்டாததால் மூச்சுத் திணறல் பயமும் இல்லை. மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை தெரிந்தால் பாதை திரும்பப்போகிறது, கவனி என்று அர்த்தம். நீலப் பட்டை தண்ணீருக்கோ, இரவு தங்கும் பொதுக் குடிலான ஷெல்டருக்கோ பிரியும் கிளை. இவ்வளவு தெரிந்தால் வழி தவறுவது கஷ்டம்.

தனியாகப் போகிறவருக்கு இதில் திட்டமிட அதிகம் ஒன்றுமில்லை. எட்டுப் பேராகும்போதுதான் வண்டி, தண்ணீர், நடை வேகம், கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டைத் தொங்கவிடுவது என்று ஒவ்வொன்றும் எட்டால் பெருக்கப்பட்டு வந்து நிற்கும்.

எட்டு என்பதற்குக் காரணம் உண்டு. இரவு தங்கும் குழு பத்துப் பேரைத் தாண்டக்கூடாது என்பது இந்தப் பாதையைப் பராமரிக்கும் கன்சர்வன்சியின் வழிகாட்டல். பத்து என்பது மேல் வரம்பு. அதைத் தொட்டே தீரவேண்டும் என்பதில்லை. எட்டை நாலு நாலாகப் பிரிக்கலாம். நாலு பேருக்கு ஒரு அடுப்பு, ஒரு இரண்டு லிட்டர் பாத்திரம், இரண்டு டென்ட். அந்த நாலு பேரும் மற்ற நாலு பேர் இல்லாமலே ஒரு இரவைக் கழிக்கக்கூடிய நிலையில் எப்போதும் இருக்கவேண்டும். பொதுச் சாமான்களைப் பங்கு போடும்போது சறுக்குவது இங்கேதான். எடையைச் சமமாக்குகிறேன் பேர்வழி என்று டென்ட் துணியை ஒருவர் பையிலும் அதன் கம்பிகளை வேறு நாலில் நடக்கும் இன்னொருவர் பையிலும் வைத்துவிடுவார்கள். மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும்போது துணி முகாமில் இருக்கும், கம்பி மூன்று மைல் பின்னால் வந்துகொண்டிருக்கும். அடுப்பு ஒருவரிடம், கேஸ் இன்னொருவரிடம் என்பதும் இதே கதைதான். பங்கு போடுங்கள், ஆனால் நாலுக்குள்ளேயே போடுங்கள்.

தேதி

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மெய்னுக்குக் கிளம்பும் முழுப்பாதை நடையர்கள் இந்த 31 மைலில் குவிவார்கள். ஷெல்டர்கள் நிரம்பி வழியும். அதோடு இரவில் உறைபனியும் உண்டு. அந்த நேரத்தில் எட்டுப் பேர் கும்பலாகப் போய் இறங்குவது யாருக்கும் நல்லதல்ல. ஜூலை, ஆகஸ்டில் புழுக்கமும் மதிய இடிமழையும். மிச்சமிருப்பது மே மாதமும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரையும். இலையுதிர் காலம் என்றால் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். மான் வேட்டைக் காலம் அது. ஆளுக்கொரு பளீர் ஆரஞ்சுத் தொப்பியோ பை மூடியோ கட்டாயம். இன்னொன்று வெளிச்சம். அக்டோபர் கடைசியில் இங்கே சூரியன் மறைய மாலை ஆறே முக்கால் ஆகும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் அது ஐந்தே முக்காலுக்கும் முன்னால் வந்துவிடும். ஒரு வாரம் தள்ளிப்போட்டதில் நடை நேரத்தில் ஒரு மணி காணாமல் போகும். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது இழுக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

வியாழன் தொடங்கி ஞாயிறு முடிப்பதைவிட, சனி தொடங்கிச் செவ்வாய் முடித்தால் நல்லது. வார இறுதிக் கூட்டம் சனி இரவோடு உங்களைவிட்டுக் கழன்றுவிடும். இரண்டு நாள் லீவு எப்படியும் போகத்தான் போகிறது.

எந்த நாள் எவ்வளவு

ஸ்பிரிங்கர் உச்சிக்குக் காரில் போக முடியாது. அமிகலோலா அருவிப் பூங்காவிலிருந்து எட்டு மைலுக்கு மேல் ஏறும் அணுகு பாதை ஒன்று இருக்கிறது. அருவி ஓரமாகவே 604 படிகள். முதல் நாளே முழுப் பையோடு அதில் ஏறினால் பாதிப் பேரின் தொடை அன்றிரவே பேச ஆரம்பிக்கும். ஆகையால் ஃபாரஸ்ட் சர்வீஸ் 42 என்ற மண் சாலையில் உள்ள வாகன நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து உச்சி ஒரு மைல் தெற்கே. பைகளைக் கீழே விட்டுவிட்டுப் போக ஆசை வரும். சாப்பாடு உள்ள பையை எங்கும் கேட்பாரற்று விடக்கூடாது. ஒருவராவது காவல் இருக்கவேண்டும், அல்லது சுமந்தே போய்வர வேண்டும். உச்சியில் பாறையில் பதித்த வெண்கலப் பலகையும் முதல் வெள்ளைப் பட்டையும் இருக்கும். படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கி வடக்கே நடையைக் கட்டலாம்.

முதல் நாள், உச்சிக்குப் போய்வரும் மைலையும் சேர்த்து, ஹாக் மவுண்டன் வரை சுமார் ஒன்பது மைல். பாதை பெரும்பாலும் இறக்கமும் ஓடையோரமும். த்ரீ ஃபோர்க்ஸில் ஓடையைக் கடந்து ஒரு மைலில் லாங் கிரீக் அருவிக்கு ஒரு சின்னக் கிளை பிரியும். மதியச் சாப்பாட்டுக்கு அதுதான் இடம். இரண்டாம் நாள் கூச் மவுண்டன் ஷெல்டர் வரை எட்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. தூரம் குறைவு என்று அலட்சியப்படுத்தக் கூடாது. ஹார்ஸ் கேப்பிலிருந்து சசாஃப்ராஸ் மலைக்கு 650 அடி ஒரே ஏற்றம், அது முடிந்து இறங்கியதும் ஜஸ்டஸ் மலை. மூன்றாம் நாள் வூடி கேப்பைத் தாண்டி லான்ஸ் கிரீக் வரை எட்டரை மைல். நான்காம் நாள் பிளட் மவுண்டன் ஏறி நீல் கேப்பில் இறங்க ஏழு மைலுக்குச் சற்று மேல்.

லான்ஸ் கிரீக்கைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் கரடிகள். அங்கிருந்து இரண்டு மைல் வடக்கே ஜாரார்ட் கேப் வருகிறது. ஜாரார்ட் கேப்புக்கும் நீல் கேப்புக்கும் நடுவிலுள்ள ஐந்து மைலில் மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை இரவு தங்குபவர்கள் கரடி திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கவேண்டும். இது சட்டம். ஒரு டப்பா ஒரு கிலோவுக்கு மேல் எடை. எட்டுப் பேருக்குக் குறைந்தது ஐந்தாறு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டியிருக்கும். லான்ஸ் கிரீக்கில் தங்கி அந்த ஐந்து மைலைப் பகலிலேயே கடந்துவிட்டால் கட்டாயம் இல்லை. டப்பா இருந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாடு பத்திரமாக இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

மெதுவாக நடப்பவரின் கடிகாரம்

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதன்மேல் இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு ஒரு மணி. அது பை இல்லாத திடகாத்திரமான ஆளுக்கு. பன்னிரண்டு கிலோ சுமக்கும் நாற்பது, ஐம்பது வயதுக் குழுவுக்கு இரண்டு மைலுக்கு ஒரு மணி என்று வையுங்கள், ஆயிரம் அடி ஏற்றத்துக்கு அரை மணி சேருங்கள், நிற்பதற்கும் தின்பதற்கும் ஒன்றரை மணி. மூன்றாம் நாள் எட்டரை மைலுக்குப் போட்டால் நாலேகால், ஏற்றத்துக்கு ஒரு மணி, ஓய்வுக்கு ஒன்றரை. மொத்தம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலை எட்டரைக்குக் கிளம்பினால் மூன்றரைக்கு முகாம். எட்டுப் பேர் எழுந்து, காபி குடித்து, டென்ட் மடித்துக் கிளம்ப முதல் காலை இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டாம் காலை ஒன்றேகால். அதற்கு மேல் குறையாது. எட்டரை என்று திட்டம் போட்டால் ஆறே காலுக்கு ஒருவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும்.

வேகம் ஆளுக்கு ஆள் மாறுவது குற்றமில்லை. குற்றம் ஓய்வு எடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. முன்னால் போன மூன்று பேர் ஒரு பாறையில் உட்கார்ந்து கால் நீட்டிப் பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "வந்துட்டீங்களா, போலாமா?" என்று எழுந்துகொள்வார்கள். அதிகம் தேவைப்பட்டவருக்கு அன்று முழுக்க ஓய்வே கிடைக்காது. மூன்றாம் நாள் முழங்கால் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இவருக்குத்தான். ஓய்வு நேரம் கடைசி ஆள் பையை இறக்கி வைத்த நிமிடத்திலிருந்து தொடங்கவேண்டும், பத்து நிமிடமாவது. முன்னால் வந்தவருக்கு அது இருபத்தைந்து நிமிடமாகிக் குளிர் ஏறினால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளட்டும்.

கடைசியில் நடக்க ஒருவரை நியமித்துவிடுங்கள், தினம் ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. இயற்கை உபாதைக்கு ஒதுங்குபவர் பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போகவேண்டும். பையைப் பார்த்தால் கடைசி ஆள் நின்றுகொள்வார். எல்லாச் சாலைக் கடவிலும், நீலப் பட்டை பிரியும் இடத்திலும், பாலமில்லாத ஓடையிலும் முன்னால் போனவர்கள் நின்று தலை எண்ணவேண்டும். வரைபடம், தலைவிளக்கு, குளிர்ச்சட்டை, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு இவற்றை இன்னொருவரை நம்பி விடக்கூடாது. இவை ஆளுக்கு ஆள் தனித்தனி.

வண்டிகள்

எட்டுப் பேர், இரண்டு வண்டி. ஒன்றை நீல் கேப் பக்கம் விட்டுவிட்டு எல்லோரும் இன்னொன்றில் ஏறித் தொடக்கத்துக்குப் போகலாம் என்று காகிதத்தில் தோன்றும். எட்டுப் பேரும் எட்டு அறுபது லிட்டர் பையும் ஒரு வண்டியில் அடங்காது. ஆளையும் பையையும் தொடக்கத்தில் இறக்கிவிட்டு ஓட்டுநர்கள் இருவர் மட்டும் போய் ஒன்றை விட்டுவரலாம். மண் சாலையும் வளைவுமாக ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிச்ச ஆறு பேர் காட்டில் இரண்டரை மணி நேரம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாளே ஒன்பது மைல் இருக்கும்போது அது கட்டுப்படியாகாது.

செலவானாலும் சரியான வழி வாடகை ஷட்டில். எல்லா வண்டியையும் முடிவில் நிறுத்திவிட்டு ஷட்டிலில் தொடக்கத்துக்குப் போய், சொந்த வண்டியை நோக்கி நடக்கவேண்டும். கடைசி நாள் ஒரு மணி தாமதமானாலும் யாரும் காத்திருக்க மாட்டார்கள். காட்டில் போன் சிக்னல் இல்லாமல் ஓட்டுநரைத் தேடவேண்டியதும் இல்லை. பதினைந்து பேர் உட்காரும் வேன் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள். இலையுதிர் கால வார இறுதிக்கு ஒரு மாதம் முன்பே பேசிவிட வேண்டும். பேசும்போது ஆள் எண்ணிக்கையோடு பை எண்ணிக்கையையும் சொல்லுங்கள். இரவு முழுக்க வண்டி நிறுத்த அனுமதியுள்ள இடம் எது என்பதையும் அவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மழை பெய்தால் ஃபாரஸ்ட் சர்வீஸ் 42 சேறும் குழியுமாகிவிடும், தாழ்வான செடான் திணறும்.

சாவி விஷயம் சின்னது, ஆனால் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு சாவி, இரண்டு பேர் பையில், இரண்டு வேறு நாலில். ஒன்றை முடிவிலும் ஒன்றைத் தொடக்கத்திலும் நிறுத்துகிறவர்கள் முடிவில் நிற்கும் வண்டியின் சாவியைத் தொடக்கத்தில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் பூட்டி வைத்துவிட்டு 31 மைல் நடப்பது அடிக்கடி நடக்கிற காரியம்.

நடுவில் ஒரு கதவு இருக்கிறது: வூடி கேப். இருபதாவது மைலில் தார்ச் சாலை பாதையை வெட்டும் இடம். வாகன நிறுத்தமும் கழிப்பறையும் உண்டு. மூன்றாம் நாள் மதியத்துக்கு முன்பே அங்கே வந்துசேர்வீர்கள். ஹைட்டவர், ஹார்ஸ், கூப்பர், கூச் என்று அதற்கு முந்தைய கேப்களிலும் சாலை உண்டு, ஆனால் மண் சாலை. வண்டி வருமென்று நம்ப முடியாது. ஆகவே யாருக்காவது முழங்கால், குதிகால், காய்ச்சல் எதுவானாலும் வூடி கேப்பில் தீர்மானித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இருப்பது கடைசி நாளின் பெரிய ஏற்றமும், அதைவிட மோசமான இறக்கமும்தான். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, மெதுவா வந்துடுறேன்" என்பவரை அங்கேயே நிறுத்துவது குழுத் தலைவரின் வேலை. அவரோடு துணைக்கு ஒருவரும் இறங்குவார் என்பதைக் கிளம்பும் முன்பே, அந்தத் துணை யார் என்ற பெயரோடு, பேசி முடித்திருக்க வேண்டும். காட்டில் வைத்துப் பேசினால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். வீட்டிலிருக்கும் யாராவது ஒருவர் அன்று போனைக் கையிலேயே வைத்திருந்தால், வூடி கேப்புக்கு வந்து அழைத்துப்போகத் தோது.

தண்ணீரும் அடுப்பும்

முகாமில் ஆளுக்கு மூன்று லிட்டர் கணக்கு: இரவுச் சமையல், குடிக்க, காலைச் சமையல், மறுநாள் பாட்டிலில் நிரப்ப. எட்டுப் பேருக்கு 24 லிட்டர். கையால் பிழியும் சின்ன ஃபில்டரில் இவ்வளவையும் வடிகட்ட முக்கால் மணி நேரம் ஆகும், கையும் கடுக்கும். மரத்தில் தொங்கவிட்டுத் தானாக வடியும் கிராவிட்டி ஃபில்டர், நாலு அல்லது ஆறு லிட்டர்ப் பை உள்ளது, குழுவுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். பிழியும் ஃபில்டர் ஒன்றை மாற்றாக வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வகையுமே நுண்குழாய் ஃபில்டர்கள். ஒருமுறை நனைந்தபின் உறைந்தால் உள்ளே குழாய்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கூடவே வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜியார்டியா கிருமியும் வரும். குளிர் இரவுகளில் ஜிப்லாக் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேகுக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வறண்ட இலையுதிர் காலத்தில் சிற்றூற்றுகள் வற்றிப்போகும். ஃபார்அவுட் செயலியில் ஒவ்வொரு ஊற்றுக்கும் கீழே நடையர்கள் தேதியோடு எழுதியிருப்பதைக் கிளம்புவதற்கு முந்தைய இரவு பார்த்துவிடுங்கள், வரைபடத்தையும் போனில் இறக்கிவிடுங்கள். பிளட் மவுண்டன் உச்சியில் 1930களில் கட்டிய கல் ஷெல்டர் இருக்கிறது, தண்ணீர் கிடையாது. நான்காம் நாள் லான்ஸ் கிரீக்கிலேயே ஆளுக்கு இரண்டு லிட்டர் நிரப்பிவிட்டால் வழியில் ஊற்றைத் தேடி அலைய வேண்டாம்.

கேஸ் கணக்கு இது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சாதாரண சின்ன அடுப்பில் காற்று, குளிர் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கிராம் போகும். நாலு பேருக்குக் காலையில் இரண்டரை லிட்டர், இரவில் மூன்று லிட்டர். மூன்று இரவு, மூன்று காலைக்குப் பதினாறரை லிட்டர், இருநூறு கிராம். 230 கிராம் டப்பா ஒன்று நாலு பேருக்கு மட்டுமட்டாக வரும். எட்டுப் பேருக்கு அப்படி இரண்டும், சின்ன டப்பா ஒன்று உபரியாகவும். இந்தக் கணக்கு கொதிநீர் மட்டும் தேவைப்படும் சாப்பாட்டுக்குத்தான். குக்கர் இல்லாமல் பச்சரிசி வடிக்கலாம் என்று ஒருவர் கிளம்பினால் இரண்டாம் நாளே டப்பா காலி.

நம் சாப்பாட்டில் கொதிநீர் மட்டும் போதுமானது நிறையவே இருக்கிறது. ஆளுக்கு 80 கிராம் ரவையை வீட்டிலேயே எண்ணெய், கடுகு, உளுந்து, முந்திரி, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலையோடு நன்றாகச் சிவக்க வறுத்து, உப்புச் சேர்த்து, ஆறவைத்து, ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். முகாமில் 220 மில்லி கொதிநீரை ஊற்றிக் கிளறி மூடி, தொப்பிக்குள் வைத்துப் பத்து நிமிடம். ரவை சரியாக வறுபடவில்லை என்றால் களியாகிவிடும், அது ஒன்றுதான் ஆபத்து. கெட்டி அவலுக்குப் புளிக்காய்ச்சலும், இன்ஸ்டன்ட் சாதத்துக்குப் பருப்புப் பொடியும் நெய்யும். மதியத்துக்கு அடுப்பே வேண்டாம்: டோர்ட்டியாவில் நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் தடவிச் சுருட்டினால் முடிந்தது. நடுவில் கடலை மிட்டாய், பொரிகடலை, பேரீச்சை. மொத்தம் ஆளுக்கு நாளொன்றுக்கு 700 முதல் 800 கிராம். அதற்கு மேல் எடுத்தவர்கள் கடைசி நாள் மிச்சத்தை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே நடப்பார்கள், வாங்கத்தான் ஆள் இருக்காது. ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில் வேண்டாம், எண்ணெய்ச் சாமான் எதையும் ஒற்றை உறையில் மட்டும் வைக்க வேண்டாம். பைக்குள் நல்லெண்ணெய் கசிந்தால் அந்தப் பை அடுத்த பத்து வருஷத்துக்குக் கரடியை அழைக்கும்.

கரடி என்றதும் இன்னொன்று. ஆளுக்கு இரண்டரை கிலோ சாப்பாடு என்றால் முதல் இரவு எட்டுப் பேருக்கு இருபது கிலோ. ஷெல்டர் பக்கம் பெரும்பாலும் பையைத் தொங்கவிடக் கம்பிக் கயிறும் கொக்கியும் கட்டியிருப்பார்கள். இருபது கிலோவை ஒரே மூட்டையாக ஏற்ற முடியாது, மற்றவர்களுக்கும் இடம் விடவேண்டும். ஐந்து கிலோவாக நாலு பைகள். கொக்கி இல்லாத இடத்தில் பன்னிரண்டு அடி உயரமும் மரத்திலிருந்து ஆறடி விலகலும் உள்ள கிளையை வெளிச்சம் இருக்கும்போதே தேடுங்கள். இருட்டியபின் கல்லைக் கயிற்றில் கட்டி எறிந்து விளையாடுவது மண்டையில் முடியும். பற்பசை, சோப்பு, முகக் கிரீம், விபூதி டப்பாவில் கிடக்கும் கற்பூரம், குப்பை எல்லாம் அதே பைக்குள். யாராவது ஒருவர் ஜாக்கெட் பாக்கெட்டில் கடலை மிட்டாயோடு தூங்கப் போவார். படுக்கும் முன் "பாக்கெட்" என்று ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

ஷெல்டரை முதலில் வருபவர் பிடித்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். குழுவாக வருபவர்கள் அதைப் பிடிக்கக்கூடாது என்பதும் வழக்கம். எட்டுப் பேர் ஏறிப் படுத்தால் தனியாக மழையில் வருபவருக்கு இடமில்லை. டென்ட்டில் படுங்கள். ஷெல்டர்ப் பலகையில் எலிகளும் உங்கள் மேல் ஏறி ஓடும். கழிவறைக் குடில் இல்லாத இடத்தில் பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் இருநூறு அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலக் குழி. எட்டுப் பேருக்குக் குழி தோண்டும் கைக் கரண்டி மூன்று இருந்தால் காலையில் வரிசை நிற்காது. கைகழுவ ஜெல் மட்டும் போதாது. இந்தப் பாதையில் அவ்வப்போது பரவும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ் ஆல்கஹால் ஜெல்லுக்குச் சரியாகச் சாவதில்லை. சோப்பும் தண்ணீரும் வேண்டும். ஒரே மிக்சர்ப் பொட்டலத்தில் எட்டுக் கை போவதை நிறுத்தி, ஆளுக்குக் கையில் கொட்டிக்கொடுங்கள்.

உடம்பும் பையும்

முழுப் பை, தண்ணீர் சாப்பாடு சேர்த்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. எழுபது கிலோ ஆளுக்குப் பதினாலு கிலோ. சூட்கேஸ் நிறுக்கும் கைத்தராசைக் கொண்டுவந்து ஒரு வாரம் முன்னால் எல்லோர் பையையும் ஒரே வீட்டில் நிறுத்துப் பாருங்கள். போன் கேமராவுக்கு மூன்று பவர்பேங்க், ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட் எல்லாம் அன்று வெளியே வரும். பருத்தி நனைந்தால் காயாது, குளிர் ஏறும். உள்ளாடை வரை சிந்தெடிக் அல்லது மெரினோ கம்பளி. ஸ்லீப்பிங் பேகில் எழுதியிருக்கும் ஒற்றை வெப்பநிலை எண் பெரும்பாலும் நடுங்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கும் எல்லைதான், சுகமாகத் தூங்கும் அளவு அதைவிட ஐந்தாறு டிகிரி செல்சியஸ் மேலே இருக்கும். கீழே விரிக்கும் பாயைக் கவனிக்காமல் விட்டு, பேக் சரியில்லை என்று திட்டுபவர்கள் அதிகம். குளிர் தரையிலிருந்து ஏறுகிறது. பாயின் ஆர்-மதிப்பு, அதாவது குளிரைத் தடுக்கும் அளவு, மூன்றுக்கு மேல் இருக்கட்டும்.

பழகுவதற்கு அட்லாண்டா பக்கத்திலுள்ள கென்னசா மலை போதும். முழுப் பையோடு இரண்டு சனிக்கிழமை எட்டு மைல், பிறகு ஒரு முறை அமிகலோலாவின் 604 படி. அதற்கே வராதவர் நாலு நாளுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிடுவது கடுமையாகத் தெரியலாம், வூடி கேப்பில் சொல்வதைவிட எளிது.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் நம் குழுக்களில் ஒருவராவது இருப்பார். தினம் ஆறு ஏழு மணி நேரம் ஏறி இறங்கினால் சர்க்கரை வழக்கத்தைவிட இறங்கும். இன்சுலினோ சர்க்கரையைக் கீழே தள்ளும் மாத்திரையோ எடுப்பவர் அளவை மருத்துவரிடம் முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். குளுக்கோஸ் அவரிடமும் அவர் நாலில் இன்னொருவரிடமும். இன்சுலின் உறைந்தால் வீண். ஃபில்டரோடு அதுவும் ஸ்லீப்பிங் பேகுக்குள். ஒவ்வொருவரும் தன் மருந்து, ஒவ்வாமை, வீட்டு எண் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி ஜிப்லாக்கில் போட்டுப் பையின் மேல் மூடியில் வைக்கட்டும். சிக்னல் அங்கங்கே மட்டும் கிடைப்பதால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் இருக்கவேண்டும், அதன் சந்தா நடப்பில் இருக்கவேண்டும். யார் கையில் இருக்கிறது, எப்படி அழுத்துவது என்பது எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கருவி வைத்திருப்பவரே விழுந்துவிட்டால்?

இரவில் ஹாக் மவுண்டன் பக்கம் வெடிச் சத்தமும் ஹெலிகாப்டரும் கேட்டால் பயப்பட வேண்டாம். ராணுவ ரேஞ்சர் பயிற்சி முகாம் அருகில்தான் இருக்கிறது. முகத்தில் மை பூசிய பையன்கள் இருட்டில் பாதையைக் கடந்து போவதும் உண்டு. முதல் முறை வருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அன்றிரவு யாரும் தூங்க மாட்டார்கள்.

கடைசி நாள் லான்ஸ் கிரீக்கிலிருந்து பிளட் மவுண்டன் உச்சிக்கு 1,500 அடிக்கு மேல் ஏற்றம். உச்சிப் பாறையில் வெயில் காய்ந்தபின் நீல் கேப்புக்கு இரண்டரை மைலில் 1,300 அடி இறக்கம். இறக்கத்தில்தான் ஆள் விழுவார். தொடக்கத்தில் சாய்ந்த பாறைப் பலகைகள், நனைந்திருந்தால் வழுக்கும். வெள்ளைப் பட்டை மரத்தில் இல்லாமல் காலடிப் பாறையிலேயே அடித்திருக்கும். இறங்கும் முன் உச்சியில் எல்லோரும் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டவேண்டும், இல்லையென்றால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். ஊன்றுகோலை ஒரு சாண் நீட்டிக்கொள்ளலாம். அங்கே ஒரு மைலுக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று வையுங்கள், வேகமானவர்களுக்கும்.

நீல் கேப்பில் பாதை ஒரு கல் கட்டடத்துக்குள்ளாகவே புகுந்து போகும். அங்கே நடையர்களுக்கான கடை இருக்கிறது, குளிர்பானம் கிடைக்கும். வண்டியில் ஆளுக்கொரு மாற்று உடை, செருப்பு, சேற்று ஷூ போட ஒரு குப்பைப் பை, ஒரு கேன் தண்ணீர் முன்னாலேயே வைத்திருங்கள். நான்கு நாள் நடந்தவர் மலை வளைவில் ஓட்டும்போது கண் சொக்கும்; அரை மணி உட்கார்ந்து சாப்பிட்டபின் கிளம்புங்கள், ஓட்டுநர் பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கக்கூடாது.

வீட்டுக்கு வந்த அன்றே கேஸ் டப்பாக்களையும் திரும்பி வந்த சாப்பாட்டையும் தராசில் வைத்து எழுதிவிடுங்கள். அடுத்த துண்டு நீல் கேப்பிலிருந்து யுனிகாய் கேப் வரை 21 மைல், இரண்டு இரவு. அதற்கு எவ்வளவு ரவை வறுக்கவேண்டும் என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.